ஒரே ஊர்க்காரன்

12-8-1953, புதன்.

என் அறைத்தோழன் ஆறுமுகத்துக்கு ஒரு மாதமாக மனம் சரியில்லை. ஆபீசுக்கு வருவதில்லை, தம்பானூர் லாட்ஜை விட்டு இறங்குவதே இல்லை. இன்று பதவி உயர்வு நேர்காணலுக்கு நான் கிளம்பியபோது, துணைக்கு வருகிறேன் என்று தானே எழுந்து சவரம் செய்துகொண்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதிகாரி திறந்திருந்த ஜன்னல் வழியே, வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தைப் பார்த்து, "அந்தப் பைத்தியம் உம்ம கூட்டுக்காரனா?" என்று கேட்டார்.

"இல்ல சார், ஒரே ஊரு. அவ்வளவுதான்" என்றேன்.

பதவி கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் ஆறுமுகம் என் தோளைத் தொட்டான். "கிட்டியாச்சுல்லா? நல்லது. அவரு கேட்டதுக்கு நானா இருந்தாலும் அதையேதான் மக்கா சொல்லியிருப்பேன்."

அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.