பஞ்சுவின் மூக்கில் விட்ட மருந்து

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

பஞ்சு சாப்பிடுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது.

நீ போன பிறகு உன் முயலுக்குப் பல் மறுபடியும் வளைந்து வளர்ந்துவிட்டது. புல்லை முகர்ந்து பார்க்கும், கடிக்க முடியாமல் விட்டுவிடும். பல்லை வெட்டாவிட்டால் பட்டினியில் சாகும். வெட்ட மயக்க மருந்து வேண்டும்; அது கூடிப்போனாலும் சாகும். ஊசி குத்தினால் உதைத்துத் துள்ளித் தன் முதுகையே ஒடித்துக்கொள்கிற சாதி என்பதால், இந்தத் தடவையும் மருந்தை மூக்கில்தான் விட்டேன். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். ஒரு சொட்டு, ஒரு மூச்சு, பிறகு அடுத்த சொட்டு. மிருக வைத்தியனாக எத்தனையோ முயல்களுக்குச் செய்ததுதான், ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு சொட்டையும் இரண்டு தடவை எண்ணினேன். உன் முயலாச்சே!

முதல் தடவை மட்டாஞ்சேரி வீட்டில் நீ அடித்த கூத்து நினைவிருக்கிறதா? மூக்கில் மருந்து என்றதுமே, ஆயுர்வேத வைத்தியர் உனக்குத் தைலம் விடுகிற நசியம்தான் இது என்று முடிவு கட்டிவிட்டாய்.

"எடா, நசியம்னா உள்ளங்கால் தேய்க்கணும், அறியாதா? நீ என்ன டாக்டரோ!"

பரபரவென்று நீ தேய்த்த தேய்ப்பில், கண் சொருகிக்கொண்டிருந்த பஞ்சு விழித்து அலமாரிக்கு அடியில் பாய்ந்தது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

இந்த முறை உன் மகள் மீனா பஞ்சுவை மடியில் வைத்திருந்தாள். அவள் கையும் நேரே பாதத்துக்குத்தான் போனது. தாயைப் போல பிள்ளை.

"இப்ப வேண்டாம் மோளே, உறங்கட்டும்" என்றேன்.

பஞ்சு மயங்கிக் காது தொங்கியது. பல்லை வெட்டி முடித்தேன். ஆனால் எழ வேண்டிய நேரம் கடந்தும் அது எழவில்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"மாமா, எழும்பாதா?"

"இனி தேய்ச்சு விடு. அம்மா தேய்ச்ச மாதிரி."

தேய்த்தாள். முதலில் மூக்கு நுனி துடித்தது, பிறகு ஒரு காது நிமிர்ந்தது. சாயங்காலம் கொத்தமல்லித் தண்டைக் கடித்தது. மீனா அழுதாள், நானும்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நானும் உன் உள்ளங்காலைத் தேய்த்தேன், அக்கா. நர்ஸ் வந்து கையைப் பிடிக்கும்வரை தேய்த்தேன். உனக்குத் தெரிந்ததா?

பஞ்சுவின் பல் வளரும்போதெல்லாம் வருவேன். மருந்து நான் விடுவேன், எழுப்புவது மீனா.

"நீ என்ன டாக்டரோ" என்று நீ கேட்ட,
உன் தம்பி