நாடகத்தில் கூப்பிட்ட பெயர்

மல்லசமுத்திரம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புச்செல்வி எழுதிக்கொள்வது. அத்தை, நம் மகள் கயல்விழி, நான் மூவரும் சுகம். உங்கள் படகைப் பாதிக் கடலில் பிடித்து உங்களை அந்தத் தீவில் வைத்திருக்கிறவர்கள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கடிதமென்றால் உங்கள் கையில் சேர்த்துவிடலாம் என்று வக்கீலம்மா சொன்னார். போனாக இருந்தால் இந்நேரம் நன்றாகத் திட்டியிருப்பேன். எழுத்தில் திட்டினால் வேறு யாராவது படிப்பார்களோ என்று கை கூசுகிறது. கூசினாலும் திட்டத்தான் போகிறேன்.

இங்கே ஒரு நாடகம் போட்டார்கள். போர் போடுகிற ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கலையரசன் அண்ணன் கடைக்கு நீங்கள் பெயிண்ட் அடித்தீர்களே, அவர் செய்த வேலைதான். நூலகத்தில் ஒரு குழு சேர்த்து, தஞ்சம் தேடிப் போகிறவர்களைப் பற்றி நாடகம், ஊர்க்காரர்களும் முகாம்காரர்களும் சேர்ந்து நடிக்க வேண்டும் என்று நம் அகதி முகாமுக்கு வந்து நின்றார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களால்தான் எனக்கு எப்போதும் தலைவலி.

படகில் போகிறவராக லாரி ஓட்டும் மாதேஸ்வரன் அண்ணன். அவருக்கு இலங்கைப் பேச்சு சொல்லிக்கொடுக்க அத்தையை உட்காரவைத்தார்கள். “ஓம்” என்று சொல்லுங்கோ என்றால் அவர் “ஓமுங்க” என்கிறார். எவ்வளவு திருத்தியும் அந்த ‘ங்க’ போகவில்லை. கடலுக்கு நீலச் சேலை, அலைக்கு இரண்டு டேபிள் ஃபேன். படகில் ஏறினால் அழ வேண்டும், இறங்கினால் அழ வேண்டும், சோறு தின்னும்போதும் அழ வேண்டும் என்றார் கலையரசன் அண்ணன். இப்படி எந்நேரமும் அழுதுகொண்டிருந்தால் முகாமில் தண்ணீர் பிடிப்பது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று கேட்டேன். நான் சொல்வது நிஜம்தானாம், ஆனால் சனம் பார்க்க வேண்டுமாம். எனக்குப் படகுக்காரரின் மனைவி வேஷம். நடிக்கவே வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்று வேறு சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதில் செக்கிங் காட்சி ஒன்று. அதிகாரி வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆள் முன்னால் வந்து முகத்தைக் காட்டுவது. நிஜப் பெயர் எதையும் வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாற்றிவிட்டேன் என்றார். எல்லாப் பெயரையும் மாற்றியவர் உங்கள் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். பிறகு கேட்டதற்கு, “அண்ணன் பேரு மேடையில ஒருக்கா கேக்கட்டுமுன்னு நெனச்சனுங்க” என்கிறார். யார் கேட்டது இந்த மரியாதையை? அது போதாதென்று, நம் முகாமில் மாதா மாதம் செக்கிங் எடுக்க வருகிற அதே வருவாய்த்துறை ஆர்.ஐ. ஐயாவுக்குச் சால்வை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். மகன் திருப்பூரில் பெயிண்ட் வேலையில் இருக்கிறான் என்று அத்தை இத்தனை மாதமாக அவரிடம்தான் சொல்லிவருகிறார்.

நேற்று மாலை கல்யாண மண்டபத்தில் நாடகம். அதிகாரி வேஷக்காரர் “எல்லாம் வரிசையில நில்லுங்க” என்று அதட்டியதுதான் தாமதம், பின்னால் உட்கார்ந்திருந்த நம் முகாம் சனம் முழுவதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. நாடகம் பார்க்கத்தான் வந்தார்கள், ஆனாலும் கால் தானாக எழுந்துவிடுகிறது. ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமா கோபமா என்று தெரியவில்லை. அடுத்து உங்கள் பெயரைக் கூப்பிட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, அப்படித்தான் ஒத்திகை. கூட்டத்துக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

“ஓம் ஐயா, வந்திட்டான். வேலையால இப்பதான் வந்தவன், வெளியில நிக்கிறான்.”

மண்டபமே கைதட்டியது. அதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாமா, பொய் என்று தெரிந்த நானே மேடையிலிருந்து வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே செருப்புகள்தான் கிடந்தன.

ஆர்.ஐ. ஐயா கைதட்டவில்லை. முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மிணி, பார்த்ததைப் பார்க்கலீன்னு நான் சொல்ல முடியாது. அடுத்த செக்கிங்குல ஆள் நேர்ல நிக்கோணும். இல்லீன்னா பேரை எடுத்துருவாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். முகாம் பதிவில் பெயர் போய்விட்டால், பிறகு நீங்களே திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் தங்கவிட மாட்டார்கள்.

திரும்பிப் போகிறாயா, தஞ்சம் கேட்டு இங்கேயே காத்திருக்கிறாயா என்று அங்கே அதிகாரிகள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லையாம். இது என்ன கூத்து? புறப்படும்போதும் இப்படித்தான். அத்தை சொன்ன திருப்பூர்க் கதையை முதலில் என்னிடம் சொன்னது நீங்கள். நானும் நம்பிப் பையில் துணி மடித்து வைத்தேன். கயலுக்கு ஒரு நாடு வேண்டும், அதற்குத்தான் போனேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும். அவளுக்கு இப்போது வேண்டியது பள்ளி ஆண்டுவிழாவுக்கு வர ஓர் அப்பா.

வருகிறீர்களென்றால் வருகிறேன் என்று எழுதுங்கள். யார் காலைப் பிடித்தாவது பெயரைக் காப்பாற்றி வைக்கிறேன். வரவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டுமில்லாமல் சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாரியாத்தா உங்களைக் கைவிட மாட்டாள். இனிமேல் எதுவும் சொல்லக்கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அடுத்த செக்கிங்குக்கு நானும் கயலும்தான் வரிசையில் நிற்போம். அப்பா பேரைக் கூப்பிட்டால் என்ன சொல்லோணும் என்று நேற்றிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு நீங்களே பதில் எழுதிவிடுங்கள், மாமா.

இப்படிக்கு,
உங்கள் அன்புச்செல்வி