கிளிப்பு போட்டுக் காயவைத்த காகிதம்

மத்திகிரி
ஞாயிறு மதியம்

அன்பு மகள் லிபியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் டூட்டிக்குப் போய்வர மாதா துணையிருக்கட்டும். உன் அப்பா முழங்கால் வலி முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே கெலமங்கலம் சந்தைக்குப் போய் ராகி வாங்கி அரைத்தும் வைத்துவிட்டார், அந்த மாவுப் பார்சலுக்குள்தான் இந்தக் கடிதமும் வருகிறது. தினம் போனில் பேசுகிறவள் எதற்கடா எழுத உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் வாயைத் திறக்கும் முன்னே நீ விடும்மா விடும்மா என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இதை விடக்கூடாது.

உன் தம்பி எட்சன் மகன் ஜோயலுக்கு வாந்தியும் பேதியுமாய்ப் போய் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில், அம்மா அடுப்படியில் பேப்பர் டவல்தானே வைத்திருக்கிறாய், துடைத்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறாய் இல்லையா என்று நர்ஸ் கேட்கிற மாதிரியே கேட்டாய். ஆமாம் என்றேன். பொய் மகளே. கந்தல் துணி வேண்டாம் என்று நீ சொன்னபடி வாங்கினதென்னவோ நிஜம், ஆனால் நல்லதன் விலையைப் பார்த்ததும் வயிறு எரிந்து, கீழ்த்தட்டில் கிடந்த பேர் தெரியாத மலிவுப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். சனியன், தண்ணீர் பட்டால் கையோடு பிய்ந்து வருகிறது, ஒரு சொட்டு எண்ணெய்க்கு நாலு தாள் கேட்கிறது. ஆனாலும் ஒரு தடவை துடைத்ததைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. வெள்ளையாகத்தானே இருக்கிறது, ஓரம்தானே நனைந்தது என்று ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்பு மாட்டிக் காயவைத்து மறுபடி எடுத்துக்கொண்டேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, என்னாடி மேரி, காகிதத்துல வடாம் போடறியா, எங்க கம்பெனியில மெஷின் தொடைக்கிற வேஸ்ட் துணியவே மறுக்கா தொட மாட்டோம் என்று சிரித்தார். சும்மா கெடங்க, வாங்கினது நானு என்று வாயை அடைத்தேன்.

ஜோயலுக்கு முடியாமல் போவதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து வந்து கோழி அரிந்தேன். மேடையைத் துடைத்த தாளில் கறை எதுவும் தெரியவில்லை, லேசான ஈரம்தான், அதையும் கம்பியில் மாட்டினேன். மறுநாள் ஜோயல் தயிர்சாதத்தை மூக்கு வரைக்கும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கைக்கு எட்டின காய்ந்த தாளை உருவி அவன் வாயைத் துடைத்தேன், விளையாட்டு என்று நினைத்து அதைப் பல்லால் கடித்து இழுத்தான். அது எந்தத் தாள் என்று, ஆஸ்பத்திரியில் அவனுடைய பிஞ்சுக் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எதனாலும் வந்திருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், நீயும் அதையே சொல்வாய். என் மனசுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாய்க் கம்பியில் தொங்கினதையெல்லாம் உருவிச் சுருட்டி, யாரும் பார்க்காமல் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

இதோடு போயிருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். தூக்கமில்லாத கண்ணோடு இருந்த உன் தம்பி பொண்டாட்டி சுவாதி, பாத்திரம் தேய்க்க வந்த சம்பங்கியைப் பிடித்துக்கொண்டாள். நான் தாள் வாங்கின பிறகும் சம்பங்கி மேடை துடைக்கிற பழைய பனியன் துணி குழாயடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, இந்தக் கந்தலாலதான் என் புள்ள சாகக் கெடந்தான், இனிமே இந்தப் பக்கம் வராத என்றாள். சம்பங்கி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நீ சொல்லுக்கா, நானு தெனம் சுடுதண்ணியில அலசித்தான போடறேன் என்றாள். நான் அடுப்பைத் தணிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். ஏன் பேசவில்லை என்றால் பயம்தான் மகளே. எட்சனும் சுவாதியும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரை அந்தப் பிள்ளை என் இடுப்பில்தான் கிடப்பான். உண்மையைச் சொன்னால் அவனை என்னிடம் விட மாட்டார்கள் என்று பயந்து, ஒரு பாவமும் அறியாதவள் தலை குனிந்து படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷி.

போன வாரம் மாவு மில்லில் எதிர்வீட்டு ஜெயப்ரியா, சுவாதி சொன்னா ஆன்ட்டி, நாங்களும் சம்பங்கிய நிறுத்திட்டோம், அடுத்த வீட்டுலயும் நிறுத்திட்டாங்களாம், கொழந்தைங்க இருக்கிற வீடு பாருங்க என்றாள். அதற்குமேல் சோறு இறங்கவில்லை. நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். சுவாதி கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. அன்னைக்கே ஏன் அத்த சொல்லல, நான் அவள என்னென்னவோ பேசிட்டேனே என்று கேட்டுவிட்டு, ஜோயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாளை முதல் அவன் டே கேருக்குப் போகிறான். துணிமணி, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் தயாராக இருக்கிறது.

இன்று பூசை முடிந்ததும் நேராக சம்பங்கி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்ததும், கண்ணு இப்ப நல்லா சாப்பிடுதாக்கா என்றுதான் முதலில் கேட்டாள், நான் அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். வேலைக்கு வந்துவிடு என்று கெஞ்சினேன். உன் வீட்டுக்கு மனசு வரலக்கா, ஆனா நிறுத்துன வீட்டுக்கெல்லாம் நீயே வந்து ஒன் வாயால சொல்லணும், நானு பக்கத்துலயே நிப்பேன் என்றாள். சரி என்றேன். நாளைக் காலை முதலில் ஜெயப்ரியா வீட்டு வாசல். எனக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொள்.

ராகி மாவை வந்ததும் டப்பாவில் கொட்டி வை, கட்டி தட்டாமல் களி கிண்டத் தெரியாவிட்டால் கூழாவது காய்ச்சிக் குடி, வேலைக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தம்பியிடம் எனக்காகப் பரிந்து பேசாதே, சுவாதியை ஒரு வார்த்தை சொல்லாதே, பிள்ளையை அம்மாவிடமே விடுங்கள் என்று தப்பித்தவறியும் கேட்டுவிடாதே. அவளே ஒரு நாள் தானாக அவனை என் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை கேட்க மாட்டேன்.

சேசு மரி சூசை உன்னைக் கண்ணின் மணியாய்க் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மேரிராணி