யாரும் போய்ப் பார்க்காத பீப்பாய்

கிளென் ஈடன்,
ஒக்லாந்து.
19.10.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிரணவியும் நல்ல சுகம். மஸ்கட்டில் நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை செய்யட்டும். உங்கள் கடிதத்தில் இந்த முறை சுகம் விசாரிக்கிற வரியே இல்லை. நான் மட்டும் எழுதுகிறேன், பழக்கம் விட்டுப் போகவில்லை.

பொங்கலுக்கு நான் எழுதினால் உங்கள் பதில் சித்திரை வருடப்பிறப்புக்கு வரும். இந்த முறை குலசிங்கம் அண்ணை உங்களுடன் டெலிபோனில் கதைத்த அடுத்த கிழமையே கடிதம் வந்துவிட்டது, அதுவும் நான்கு பக்கம். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதின ஆக நீளமான கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் குடித்ததால் கிடைத்த கடிதம்.

உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். வெள்ளைக்காரருக்கு முன்னால், குலசிங்கம் அண்ணைக்கும் முன்னால், நான் வைன் குடித்தேன். எனக்குத் தலை சுற்றியது. அழுதேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஏன், எப்படி என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அதை நான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

“சாப்பாட்டுச் சாமான் கொம்பனி என்றுதானே சொன்னாய்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில், வைன் இறக்குமதி செய்கிற இடத்தில், ஓடர் எடுத்து டைப் அடிக்கிற வேலை என்று வேலை கிடைத்த மாதமே எழுதினேன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன், அதுதான் பிழை போலும். அந்த வேலையை எடுத்துத் தந்ததும் உங்கள் சிநேகிதர் குலசிங்கம் அண்ணைதான். கொம்பனியின் வரிக் கணக்கைப் பார்க்கிறவர் அவர். அவருக்கு அங்கே வைன் விற்கிறார்கள் என்று தெரியாதா?

நடந்தது இதுதான். இத்தாலியில் வெரோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் வல்பொலிசெல்லா என்று ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அங்கே வைன் செய்கிற ஒரு குடும்பத்தின் மகள் எங்கள் முதலாளி கிரகாமைப் பார்க்க வந்திருந்தாள். சனிக்கிழமை பின்னேரம் கடைக்காரர்கள், ஹோட்டல்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அவர்களுடைய நான்கு சிவப்பு வைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களும் ருசி தெரிந்திருந்தால்தான் ஓடர் எடுக்கும்போது நாலு வார்த்தை சொல்லலாம் என்று கிரகாம் எங்களையும் இருக்கச் சொன்னார். என்னோடு வேலை செய்கிற ஃபிஜி சவிதாவும் இருந்தாள். குலசிங்கம் அண்ணையும் அழைப்பில் வந்திருந்தார், கோட் போட்டுக்கொண்டு.

நான் மறுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். பிரணவி நான்காம் வகுப்புப் படிக்கும்போது நீங்கள் எங்களை இங்கே விட்டுவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து நான் மறுக்கக்கூடிய எதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. ரெயினில் வேலைக்குப் போகிறேன், ரெயினில் வருகிறேன், சமைக்கிறேன். அன்றைக்குத்தான் ஒருவர், இதை நீ ருசி பார்த்துச் சொல்லு, உன் அபிப்பிராயம் வேண்டும் என்றார். எனக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்ற சொல்லைப் போட்டே எழுதுகிறேன்.

ருசி பார்க்கிற முறை என்னவென்றால், கிளாஸைச் சுழற்றி, மணந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்திருந்து, பிறகு மேசையில் இருக்கிற வாளிக்குள் துப்பிவிட வேண்டும். அதற்கென்றே பளபளவென்று வாளிகள் வைத்திருந்தார்கள். எல்லோரும் துப்பினார்கள். டை கட்டின பெரிய மனிதர்கள் துப்பினார்கள். சவிதா கைலேஞ்சியால் வாயை மறைத்துக்கொண்டு துப்பினாள்.

என்னால் முடியவில்லை. நான்கு பேர் பார்க்க வாயில் வைத்ததைத் துப்பி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதில் கறி உறைத்தாலும் விழுங்கத்தான் வேண்டும், விருந்தாளியாகப் போன வீட்டில் உப்பில்லாவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லித்தான் எழும்ப வேண்டும். அதுவும் அந்த இத்தாலிப் பெண் எனக்கு நேரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் செய்ததை, அவள் கடல் கடந்து கொண்டுவந்து தன் கையால் ஊற்றித் தந்ததை, அவள் கண்ணுக்கு முன்னால், ஊரார் எச்சில் கிடக்கிற வாளிக்குள் துப்பச் சொன்னால் நான் எப்படித் துப்புவேன்? விழுங்கினேன். முதலாவதை விழுங்கின பிறகு இரண்டாவதை மட்டும் துப்பினால் அது பிடிக்கவில்லை என்று நினைப்பாளே என்று அதையும் விழுங்கினேன். அப்படியே நான்கையும். திரும்ப ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள், திரும்பவும் நான்கையும். மத்தியானம் நான் சாப்பிட்டிருக்கவில்லை. இவ்வளவுதான் நான் குடித்து வெறித்த கதை.

ருசியையும் எழுதுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு நான் நன்றாகச் சொன்னேன் என்று கிரகாம் மெச்சினார், உங்களிடமும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. முதலாவது சாதாரண வைன். லேசான சிவப்பு, நாவற்பழம் தின்றதுபோல் நாக்கைக் கொஞ்சம் பிடிக்கும், உடனே போய்விடும். இரண்டாவதை, பிழிந்து முடிந்த பழத்தோலின் மேல் புது வைனை ஊற்றித் திரும்ப ஊற வைத்து எடுப்பார்களாம். தேங்காய்ப்பூவை இரண்டாம் முறை பிழிகிற மாதிரியா என்று சவிதாவைக் கேட்டேன், அவள் சிரித்துவிட்டாள். மூன்றாவதும் நான்காவதும்தான் விசேஷம். திராட்சையைப் பறித்தவுடன் பிழியாமல் மேல்மாடியில் பாய்களில் பரப்பி, நாங்கள் மிளகாய் காய வைக்கிற மாதிரி மாதக்கணக்காக வாட விடுவார்கள். சுருங்கின பிறகுதான் பிழிவார்கள்.

இரண்டுக்கும் அதே பழம், அதே பாய், அதே கை. ஆனால் ஒன்று சீனிப்பாணிபோல் இனிக்கிறது. அதற்குப் பெயர் ரெச்சோட்டோ. மற்றது அமரோனே. அது கறுத்து, கனத்து, முதலில் வற்றின பழம் மாதிரி வந்து, கடைசியில் பாகற்காய்போல் கசப்பை அடித்தொண்டையில் விட்டுவிட்டுப் போகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பெண் தங்கள் ஊரில் சொல்கிற ஒரு கதையைச் சொன்னாள். முன்பெல்லாம் இனிப்பு வைன் மட்டும்தானாம். ஒரு தடவை ஒரு பீப்பாயை நிலவறையில் வைத்துவிட்டு மறந்துபோனார்களாம். நேரத்துக்குப் போய் அது பொங்குவதை நிறுத்தியிருந்தால் இனிப்பு நின்றிருக்கும். யாரும் போகவில்லை. உள்ளே அது தன்பாட்டில் பொங்கிப் பொங்கி, இருந்த இனிப்பையெல்லாம் தானே தின்று முடித்துவிட்டது. கடைசியில் திறந்து பார்த்தால் கசப்பு. அதைத்தான் இப்போது உலகம் கூடின விலை கொடுத்துக் குடிக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். மறதியால் வந்த அதிர்ஷ்டம் என்றார் கிரகாம். பிறகு ஒவ்வொருவரிடமும், இந்த இரண்டில் உங்களுக்கு எது பிடித்தது, ஏன் என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. நான் எழும்பி நின்று ஆங்கிலத்தில், யாராவது ஒருக்கால் போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். கிரகாமுக்கு விளங்கவில்லை, என்ன சொன்னாய் என்று கேட்டார். இவ்வளவு பெரிய வீட்டில், இவ்வளவு ஆட்கள் இருந்து, அந்தப் பீப்பாய் என்ன பாடு படுகிறது என்று ஒருவராவது கீழே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். அதற்குப் பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்த இத்தாலிப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் விளங்கினது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் குலசிங்கம் அண்ணை வந்து என் காதுக்குள், “தங்கச்சி, காணும், நிப்பாட்டு. எங்கட ஆக்களின்ர மானம் போகுது” என்றார். நான் அவரைப் பார்த்து, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து குடித்த ஒரு நாளாவது நான் காணும் என்று சொன்னேனா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் நீங்களும் அவரும் மற்றவர்களும் விஸ்கிப் போத்தலோடு இருப்பீர்கள், நான் ஆட்டிறைச்சி பொரித்துப் பொரித்துக் கொண்டுவந்து வைப்பேன். ஐஸ் முடிந்தால் கூப்பிடுவீர்கள். அவர் ஒருநாள் எங்கள் குளியலறையில் சத்தி எடுத்ததை நான்தான் கழுவினேன். மறுநாள் கோயிலில் அவர் என்னைக் கண்டு, இறைச்சி திறம் தங்கச்சி என்றார். அன்றைக்கு யாருடைய மானமும் போகவில்லை.

“உன்ர மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது?” என்று கேட்டார். சொல்லுங்கோ அண்ணை, நீங்கள் சொன்னால்தான் அவர் கடிதம் எழுதுவார் என்றேன். அவர் சொன்னார், நீங்களும் எழுதிவிட்டீர்கள். அந்த வகையில் அவருக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும்.

சவிதாவின் தம்பி கம்லேஷ் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டான், சவிதாவும் கூட வந்தாள். இதையும் அண்ணை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் இதுதான் நடந்தது. பிரணவி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள், முதல் தடவையாக. சீனி அள்ளிக் கொட்டியிருந்தாள். அம்மா, இது சந்தோஷமா துக்கமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கு அடுத்த மாதம் சோதனை. கணிதத்தில் பயமில்லை என்கிறாள். உங்கள் கடிதம் வந்த அன்று, அப்பாவின் கடிதத்தில் உனக்கும் ஒரு வரி இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் வாங்கிப் பார்க்கவும் இல்லை, அது எனக்கு வேதனையாக இருந்தது.

இங்கே இந்தக் கிழமை ஓயாத மழை. பின்பக்க வேலி ஒன்று சரிந்துவிட்டது, வீட்டுக்காரர் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். சரஸ்வதி பூசைக்கு அவலும் சுண்டலும் செய்து எல்லோருக்கும் கொடுத்தேன், குலசிங்கம் அண்ணை வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினேன். சட்டி திரும்பி வரவில்லை.

இனி நீங்கள் எழுதின நிபந்தனைக்கு வருகிறேன். வேலையை விடு, குலசிங்கத்திடம் மன்னிப்புக் கேள், இரண்டையும் செய்தால்தான் டிசம்பரில் வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலையை விடமாட்டேன். மன்னிப்பும் கேட்கமாட்டேன். எனக்குக் கோபம்தான் அத்தான், மறைக்கவில்லை. ஒரு வருடம் என்று சொல்லிப் போனீர்கள். பிறகு வீடு வாங்கும்வரை என்றீர்கள், பிறகு இந்தக் கொன்ட்ராக்ட் முடியட்டும் என்றீர்கள். போன டிசம்பரில் லீவு இல்லை என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்ததையெல்லாம் விழுங்கித்தான் எனக்குப் பழக்கம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக வந்திருந்தபோது நான் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். சீனியை நிறுத்திக் கனகாலம், உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும் என்னைப் பற்றி அப்படித்தான், குலசிங்கம் அண்ணை சொல்லித்தான் அறிகிறீர்கள்.

ஆகவே நிபந்தனையோடு வருவதென்றால் வரவேண்டாம். நான் எயார்போர்ட்டுக்கு வரமாட்டேன். நிபந்தனை இல்லாமல் வருவதென்றால் டிசம்பர் வரை இருக்காமல், லீவு கிடைத்த உடனே வாருங்கள். வந்தால் இனிப்பாக இருப்பேன் என்று நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். எல்லாம் தீர்ந்துவிட்டதோ, அடியில் கொஞ்சம் கிடக்கிறதோ, எனக்கே தெரியாது.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலை சைட்டில் நிற்கவேண்டாம். சாப்பாட்டைத் தவறவிடவேண்டாம். பிள்ளையார் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

ஒருக்கால் வந்து பாருங்கள் அத்தான்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கிற
யோகராணி