கைக்கு விரதம் இல்லை

திங்கள். விரதம் 29ஆம் நாள்.

விடியலிலிருந்து மழை. எங்கள் ஊர் புக்கிட் செந்தோசா முழுக்கச் சேறு. கா. 5.15க்கு எழுந்தேன். வெந்நீர் இரண்டு குவளை. பத்துப் பக்கம் வாசிப்பு. திடலைச் சுற்றும் நடை இல்லை.

அண்ணன் ரவி தைப்பூசத்துக்கு அலகுக் காவடி எடுக்கிறான். நாற்பத்தெட்டு நாள் விரதம். மாலை போட்டதிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயர் சாமி. ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, தனித் தட்டு, தனித் தம்ளர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியைக்கூட வெறுங்காலோடு ஓட்டுகிறான். நானும் கூடவே இருக்கிறேன்: சைவம், நடை, தியானம். உடம்பு, மனம், ஆன்மா மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டும் வழி என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில்.

இன்று அவன் மனைவி கலா அண்ணி, தொழிற்சாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, சாமியின் தம்ளரில் தன் காப்பியை ஊற்றிவிட்டாள். அறைந்த சத்தம் தியானத்தில் இருந்த எனக்குக் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் நான்கு நிமிடம் பாக்கி.

பிறகு அம்மாவின் குரல்: "சாமிக்குக் கோவம் வர்ற மாதிரி ஏம்மா நடந்துக்கிற?"

"தெரியாம எடுத்துட்டேன் அத்தை."

அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கன்னத்தில் நான்கு விரல்.

புதன். 31.

வெயில். திடலில் ஆறு சுற்று. முட்டி வலி குறைவு.

சாமி தொடாதவை: இறைச்சி, முட்டை, பீர், சிகரெட், மெத்தை, செருப்பு, சவரக் கத்தி.

தொட்டது: அண்ணியின் தலைமுடி. பிடித்துக் கதவில் மோதினான். இரண்டு தடவை. தொழிற்சாலையில் யாருக்கோ பிறந்தநாள், இவள் கேக் சாப்பிட்டாளாம். கேக்கில் முட்டை.

மாலையில் கோயில். காவடிக் குழுவுக்கு அலகு குத்தும் மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "விரதம் சுத்தமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் வராது. வந்துச்சுன்னா வீட்டுல யாரோ கெடுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அண்ணி முந்தானையை நெற்றிக்கு இழுத்துக்கொண்டாள்.

வெள்ளி. 33.

அரைநாள் விடுப்பு. ராவாங் கிளினிக். அண்ணியின் இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. காலையில் திருநீற்றுத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள், அவன் கையை முறுக்கினான்.

டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். "பாத்ரூம்ல விழுந்துட்டேன் லா டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். எத்தனை புத்தகம் படித்தவள் நான்.

திரும்பும் வழியில் அவளே பேசினாள். "இன்னும் பதினஞ்சு நாள்தான மலர். காவடி எறங்கிட்டா சாமி சாந்தமாயிரும்."

"போன வருசம் காவடி எடுக்கலையே அண்ணி. அப்ப அடிக்கலையா?"

"அப்ப குடிச்சிட்டு அடிச்சாங்க." சிரித்தாள். "இப்ப வாசனையாச்சும் நல்லாருக்கு. சந்தனம்."

நானும் சிரித்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும், நிறுத்த முடியாமல்.

சனி. 34.

மூச்சுப் பயிற்சி ஆகவில்லை. கண்ணை மூடினால், கெர்லிங் தோட்டத்தில் அப்பா குலை வெட்டிய அரிவாள். அதை நான் பிடித்திருக்கிறேன். உள்ளே இழுக்கும்போது ஓங்குகிறேன், வெளியே விடும்போது இறக்குகிறேன். உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. பயந்து எழுந்துவிட்டேன். துணி துவைத்தேன்.

ஞாயிறு. 35.

மதியம். சாமியின் ஒருவேளைச் சோறு. கட்டுப் போட்ட கையோடு அண்ணி பரிமாறினாள். சாம்பார் அவன் மடியில் சிந்தியது.

அவன் கத்தவில்லை. தோளில் கிடந்த மஞ்சள் துண்டை அவள் கழுத்தில் போட்டு முறுக்கினான். அவள் கால்கள் அலமாரியை உதைத்தன. மங்குக் கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. முகம் கறுத்தது.

அம்மா ஓடி வந்தாள். பிரித்துவிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவன் முகத்துக்கு நேரே காட்டி, "மலையேறு சாமி, மலையேறு, பொண்ணு அறியாம செஞ்சிட்டா" என்று அழுதாள். அவன் சூடத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் முறுக்கினான்.

அடுப்படியில் சம்பல் இடிக்கும் கல் இருந்தது. எடுத்தேன். அவன் தலையில் அடித்தேன்.

அண்ணி தரையில் விழுந்து இருமினாள். அவன் காதோரம் ரத்தம், மாலையில் இறங்கி மணிமணியாகச் சொட்டியது.

"பாவி! விரதம் போச்சேடி! சாமி ரத்தம் கீழ விழுந்திருச்சே!" அம்மா தன் சேலையால் தரையைத் துடைத்தாள். அண்ணியின் கழுத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "என்னைய அடிச்சிட்டாம்மா, அடிச்சிட்டாம்மா" என்று அழுதான். சாமி குரல் இல்லை. அண்ணியின் ஐ.சி. அடையாள அட்டை, என் ஐ.சி., என் பை, இந்த நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்துவிட்டோம்.

மாலை 6.10. போலீஸ் ஸ்டேஷன்.

வாசலிலேயே அண்ணி என் கையைப் பிடித்தாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது. "நீ அடிச்சத சொல்லாத மலர். உன்னையும் புடிச்சி வெச்சிருவாங்க."

மேசையில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். கையையும் தூக்கிக் காட்டினாள். விழவில்லை, புருஷன்தான் என்று தன் உடைந்த மலாயில் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு என் முறை. கல்லைச் சொன்னேன். அதிகாரி தட்டச்சை நிறுத்திவிட்டுப் போனில் விசாரித்தார். அண்ணன் பத்தாங் காலி கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறானாம், அவனும் புகார் கொடுக்கலாம், யோசித்துச் சொல் என்றார். காப்பாற்றத்தானே அடித்தாய், ஒரு அடிதானே?

மூன்று.

துண்டை எப்போது விட்டான்?

முதல் அடியிலேயே விட்டுவிட்டான். மற்ற இரண்டும் என்னுடையவை. அதையும் எழுதச் சொன்னேன்.