இடப்பக்கப் பொத்தான்

ஜூன் 9
என் பச்சை ரப்பரைக் காணோம். ஒரு மூலையில் பேனாவால் பூ வரைந்து வைத்திருந்தேன். "அதுக்கென்ன கால் முளைச்சு ஓடிப்போச்சா, நல்லாத் தேடு" என்கிறாள் அம்மா. இதைப் போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார்.

ஜூன் 12
அண்ணன் சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்தி வைத்து, அரசுப் பயிற்சி மையத்தில் தான் ஓட்டும் மிஷினைச் செய்துகாட்டினான். நடுவில் இரும்புத் தகட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை அழுத்தும்.

"எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு கையும் வெளியே இருக்கணும்ல, மண்டு. அப்பத்தானே விரல் தப்பிக்கும்."

அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். வேலையில்லாமல் தெருமுனையில் நின்ற பையன் இவன். இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும், "அரசாங்கமே உதவித்தொகை குடுத்துக் கத்துக்குடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 17
அண்ணன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் என் ரப்பர். எண்ணெய்க் கறை. நடுவில் அமுங்கிப்போன பள்ளம்.

கேட்டதற்கு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "இடப்பக்கப் பொத்தானை அமுக்கி, சந்துல இதைச் சொருகிட்டா அது அமுங்கினபடியே இருக்கும். வலது கை பொத்தான்ல. இடது கை தகடு மாத்தும். ரெண்டு மடங்கு வேகம்."

"கை உள்ளே இருக்கும்போது இறங்கினா?"

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா செய்யறேன்? வேகமா செய்யறவனைத்தான் ஃபேக்டரிக்கு எடுப்பாங்க. எல்லாரும் எதையாவது சொருகறாங்க. மாஸ்டருக்குத் தெரியாதுன்னா நினைக்கறே?"

அப்பாவிடம் சொல்லக் கூடாதாம்.

ஜூன் 18
தூக்கம் வரல. பக்கத்து அறையில் அவன் குறட்டை. எழுந்து போய், பாய்க்கு வெளியே கிடந்த அவன் கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 21
பள்ளி விட்டதும் மையத்துக்குப் போனேன். வாசலில் சிரிக்கும் இளைஞர்கள் படம் போட்ட பலகை. புதுப் பெயிண்ட் வாசனை. உள்ளே டொம், டொம் என்று சத்தம் காலடித் தரை வழியாக வயிற்றுக்குள் ஏறியது. பயிற்சி தரும் மாஸ்டரிடம் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்கண்ணன் நல்லா வர்றாம்மா. நீ உளறி அவன் பொழப்பைக் கெடுத்துடாதே. துறையிலேருந்து பார்வையிட வர்றாங்க. அன்னிக்கு எல்லாத்தையும் உருவிடுவோம்."

அன்னிக்கு மட்டும்.

ஜூன் 22
அழுதே விட்டேன். அண்ணன் பயந்துபோனான். "சரி சனியனே, ரெண்டு கையாலயே செய்யறேன். போதுமா?"

"என் தலைமேல அடிச்சுச் சொல்லு."

அடித்தான். கொஞ்சம் பலமாகவே. ரப்பரைக் கேட்டேன். குச்சியிடம் கொடுத்துவிட்டானாம். குச்சி அவன் கூட்டாளி. அதே மிஷினில் குச்சிக்குக் காலையில் முறை, அண்ணனுக்கு மதியம்.

ஜூன் 25
பார்வையிட வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்களாம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"நான் இன்னிக்கும் ரெண்டு கைதான்" என்றான் அண்ணன். "ஆமை வருது, வழி விடுங்கன்னு குச்சி கிண்டல் பண்றான். எல்லாம் உன்னால." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இன்று தூங்குவேன்.

ஜூன் 28
கணக்கு வகுப்பிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுத முடியல.

ஜூலை 1
ஆஸ்பத்திரி நடையில் குச்சி சுவரைப் பார்த்தபடி சொன்னான். அவன் முறை முடிந்து போகும்போது ரப்பரை உருவ மறந்துவிட்டான். ஒரு தகடு சிக்கியிருக்கிறது. அண்ணன் இடது கையை உள்ளே விட்டு இழுத்திருக்கிறான். வலது கை தானாக வலது பொத்தானில். ஒரு பொத்தானுக்கு அச்சு இறங்காது என்று நம்பியிருக்கிறான். இடப்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

"பச்சைன்னா எண்ணெய்ல தெரியவே தெரியாது, பாப்பா" என்றான் குச்சி.

அண்ணனே சொருகியிருந்தால் அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். கையை விட்டிருக்க மாட்டான். நான் அழாமல் இருந்திருந்தா? என் தலைமேல ஏன் அடிக்கச் சொன்னேன்?

ஜூலை 4
கட்டுக்குள் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

ஜூலை 10
மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். கூடத்தில் அப்பாவோடு தணிந்த குரலில் பேசினார். பையனின் கவனக்குறைவு என்று அப்பா ஒத்துக்கொண்டாராம். மிஷின் பேச்சே வரவில்லை.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல மனசோட சொல்றாங்க. அண்ணன் இடத்தை வெளியாளுக்குக் குடுக்கலையாம். உனக்குத்தானாம். பள்ளிக்கூடத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"எந்த மிஷின்ப்பா?"

"எல்லாம் ஒண்ணுதானே."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி கழுவினாள்.

ஜூலை 13
நாளை முதல் நாள். அம்மா சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டாள். அது அண்ணனுடையது.

சாயங்காலம் அவன் என் அறைக்கு வந்து, என் பென்சில் பெட்டியைத் திறந்தான். புது ரப்பரை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது கையால் பிய்த்துப் பிய்த்துத் தரையில் போட்டான். கடைசித் துண்டு தீர்ந்ததும் சொன்னான்:

"தினமும் மொதல்ல இடப்பக்கப் பொத்தானைத் தொட்டுப் பாரு. கண்ணால பாக்காதே. தொட்டுப் பாரு."

துண்டுகளைப் பெருக்கி எடுத்தேன். அவன் போகாமல் நின்றான். மேஜையில் பொத்தான்கள் இருப்பதுபோலக் கையை வைக்கச் சொன்னான். இரண்டையும்.