எப்பிங் காட்டுக்கு ஒரு சனிக்கிழமை

வால்தம்ஸ்டோ,
5 செப்டெம்பர் 1993

அன்புள்ள தங்கச்சி டொலறஸுக்கு,

நீயும் மச்சானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை, முழங்கால்தான் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது.

போன் அடித்தால் வீட்டுக்காரி கனகவல்லி எடுக்கிறா. நீ குளிக்கிறாய் என்கிறா, இல்லாவிட்டால் படுத்துவிட்டாய் என்கிறா. ஒரு மனிசி ஒரு நாளில் எத்தனை தரம் குளிக்கும்? அதுதான் கடிதம். கடிதத்துக்காவது நீ பதில் போடுவாய்.

விஷயம் இதுதான். வருகிற மாதம் எங்கள் எப்பிங் காட்டில் இலை நிறம் மாறும். பீச் மரங்கள் முழுக்கச் செம்பாகிவிடும். மான்கள் துணை தேடுகிற காலமும் அதுதான். கலைமான் தொண்டையால் உறுமுவது நெடுந்தூரம் கேட்கும். பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஒரு ஐப்பசியையும் விட்டதில்லை. இந்த முறை நீயும் வர வேண்டும். உனக்கென்று பழைய பென்டக்ஸ் கமரா ஒன்று வாங்கித் தூசி துடைத்து வைத்திருக்கிறேன். பதினான்கு வயதில் என்னோடு இருட்டறையில் நின்று படம் கழுவினவள் நீ. கை மறந்திருக்காது.

நீ வந்திறங்கி ஒரு கிழமை என் வீட்டில் இருந்தாய். பிறகு தெற்கு லண்டனில், மிச்சம் என்கிற ஊரில் அறை கிடைத்தது என்று போனவள்தான். இந்தா இருக்கிற மிச்சம், எனக்கு ஒஸ்ரேலியா போல ஆகிவிட்டது. சலவைத் தொழிற்சாலைக்கும் அறைக்கும் மட்டும் நடந்தால் மனிசர் என்னத்துக்கு ஆவது? மரத்தைப் பார், வானத்தைப் பார். மனம் கொஞ்சம் ஆறும்.

அன்புடன் அண்ணை,
யாக்கோப்பு

*

மிச்சம்,
16 செப்டெம்பர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கமராவை லூர்தம்மா அன்ரி பூசைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தா. மேசையில் வைத்திருக்கிறேன். நல்ல கமரா. இதற்கெல்லாம் ஏன் செலவழித்தீர்கள்?

காட்டுக்கு வர எனக்கும் விருப்பம்தான். ஆனால் என்னிடம் சேற்றில் நடக்கிற சப்பாத்து இல்லை. இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் சனியும் ஞாயிறும் ஷிப்ட். எனக்குக் குளிரும் ஒத்துவருவதில்லை, நெஞ்சில் சளி. இந்த வருடம் நீங்கள் போய்வாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் நான் பார்த்த மாதிரித்தானே.

முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடியுங்கள். தனிய இருக்கிறதால் சமைக்காமல் பாணோடு காலத்தை ஓட்ட வேண்டாம். மீன்குழம்புத் தூள் லூர்தம்மா அன்ரியிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
டொலறஸ்

*

வால்தம்ஸ்டோ,
26 செப்டெம்பர் 1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

தூள் கிடைத்தது. சப்பாத்தும் கிடைத்துவிட்டது, வோக்கிங் கிளப்பில் ஒருத்தி தன் பழையதைத் தந்தாள், உன் அளவுதான். மச்சானோடு பெற்றோல் ஷெட்டில் பேசினேன். ஒக்டோபர் 23 சனிக்கிழமை லீவு எடுக்கலாம் என்கிறார். இனி உன் நெஞ்சுச்சளிதான் பாக்கி. நாலு கிழமையில் அதுவும் போய்விடும்.

அதனால் திட்டத்தை எழுதுகிறேன், கவனமாக வாசி.

கொலியர்ஸ் வூட்டில் முதல் ரெயின் பிடித்து, ஸ்டொக்வெல்லில் மாறி, வால்தம்ஸ்டோவில் இறங்குங்கள். நான் வாசலில் நிற்பேன். அங்கிருந்து சிங்ஃபோர்ட் ரெயின். மற்றது நடை. காலை வெயில் சாய்ந்து விழும்போது பனிப்புகைக்குள் மரங்கள் நிற்கிற அழகை எழுத்தில் சொல்ல என்னால் ஏலாது. அந்த வெளிச்சத்தில் காட்டை எடுப்போம். பிறகு மான்.

மானுக்குப் பொறுமை வேண்டும். மங்கல் நிற உடுப்பு போட்டு வா. பவுடர், சென்ற் ஒன்றும் பூசாதே. காற்று எங்கள் பக்கம் வீச வேண்டும், எங்களிலிருந்து அதன் பக்கம் போகக்கூடாது. பள்ளம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் இலைச்சருகில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். அசையக்கூடாது. கதைக்கக்கூடாது. இருமல் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள். சருகு நொறுங்கினாலும் போச்சு. மூச்சைக்கூட மெதுவாக விடு. அப்படிக் கிடந்தால் மான் கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நிற்கும்.

இந்த முறை சாட்டுச் சொன்னால் நான் உண்மையாகவே கோபிப்பேன்.

அண்ணை

*

மிச்சம்,
4 ஒக்டோபர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் கோபிக்க வேண்டாம். சாட்டுச் சொல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளை எமில் காய்ச்சலில் போய்விட்டான் என்று அன்றைக்கு உங்களுக்குத் தந்தி அடித்தோம். அது பொய்யில்லை. மிச்சத்தை நீங்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் முருங்கனிலிருந்து மடுக்கோயிலுக்கு நடந்தோம். றோட்டில் ஆமி, அதால் போக ஏலாது என்று எல்லாரும் காட்டுக்குள் இறங்கினோம். எமிலுக்கு அதற்கு இரண்டு நாள் முன்னமே காய்ச்சல். இவர் தோளில் சுமந்தார். மத்தியானம் போல, றோட்டுப் பக்கமாக வாகனங்கள் வருகிற சத்தம் கேட்டது. முன்னுக்குப் போனவர்கள் படுக்கச் சொல்லிக் கை காட்டினார்கள். இலைச்சருகில் குப்புறப் படுத்தோம். வாகனங்கள் நின்றன. ஆட்கள் இறங்கிக் கதைக்கிற குரல் கேட்டது. எமிலுக்கு இருமல் வந்தது. நான் கையால் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். குழப்படி செய்கிற பிள்ளையில்லை அண்ணை. விளங்கிக்கொண்டான். இருமலை உள்ளுக்கே விழுங்கினான். உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் மூச்சு என் உள்ளங்கையில் நெருப்பாகச் சுட்டது.

வாகனங்கள் போய்விட்டன. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எழும்பி நடந்தோம். அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் எமில் போய்விட்டான். மருந்து இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு மரத்தடியில் அடக்கம் செய்துவிட்டு மற்றவர்களோடு நடந்தோம். நின்று அழ நேரமில்லை. எட்டு வயது.

அதற்குப் பிறகு இவரும் நானும் இதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. ஒரே அறையில் இருக்கிறோம். சாப்பிட்டீரா என்பார், ஓம் என்பேன்.

நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. உங்களில் பிழையில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் என்னைக் கூப்பிட வேண்டாம்.

டொலறஸ்

*

வால்தம்ஸ்டோ,
7 ஒக்டோபர் 1993

என் தங்கச்சி,

இந்தக் கடிதத்தை எத்தனை தரம் தொடங்கிக் கிழித்தேன் என்று தெரியாது.

காடும் வேண்டாம், மானும் வேண்டாம். நான் இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். தந்தி வந்த அன்று நான் வேலைக்குப் போனேன், டொலறஸ். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்னை வந்து பார்க்கட்டுமா? ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணை

*

மிச்சம்,
15 ஒக்டோபர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

இப்போது வர வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களும் மேசையில் கிடந்தன. இவர் வேலையால் வந்து இரண்டையும் வாசித்திருக்கிறார். தேத்தண்ணி போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சனிக்கிழமை போவம்" என்றார். எங்கே என்று கேட்டேன். "கொண்ணை சொன்ன காட்டுக்கு. இஞ்சை வந்த நாளிலையிருந்து நான் ஒரு மரத்துக்குக் கிட்டப் போனதில்லை. பஸ்ஸுக்குக்கூட மரத்தடியிலை நிக்கிறேல்லை. இப்பிடியே எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டு எவ்வளவு காலம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் தனியப் போகிறோம், அண்ணை. உங்களைக் கூப்பிடாமல் உங்களுடைய காட்டுக்குப் போவது உங்களுக்குக் கவலையாக இருக்கும் என்று தெரியும். சிங்ஃபோர்டிலிருந்து போகிற வழியை மட்டும் ஒரு தாளில் கீறி அனுப்புங்கள். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதையும் கீறுங்கள், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்கு.

டொலறஸ்

*

மிச்சம்,
27 ஒக்டோபர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

போய்வந்தோம். நீங்கள் கீறின வழி சரியாக இருந்தது. சப்பாத்து கொஞ்சம் கடித்தது.

காட்டு வாசலில் எனக்குக் கால் வரவில்லை. இவர் கையை நீட்டினார். கலியாணத்தன்றும், பிறகு கோயில் திருநாள் சனத்துக்குள்ளும் பிடித்ததுதான் அந்தக் கை. பிடித்துக்கொண்டு நடந்தோம். காலடியில் சருகு நொறுங்குகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நாயோடு எதிரே வந்து, நல்ல காலநிலை என்று சொல்லிவிட்டுப் போனது. நாங்களும் ஓம் என்றோம்.

உள்ளே போகப் போக, நீங்கள் எழுதின மாதிரியே செம்பு நிறம். அடி பருத்த ஒரு பெரிய மரத்தடியில் இவர் நின்றுவிட்டார். தோலில் கையை வைத்தார்.

"இதைவிடத் தடிப்பு" என்றார். "அந்தப் பாலை மரம்."

"பாலை இல்லை, வீரை" என்றேன் நான்.

"பாலை. எனக்குத் தெரியும். நான்தானே கிண்டினனான். நீர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீர்."

"நான் மூடேல்லை. இலையைப் பாத்துக்கொண்டு இருந்தனான். வீரைதான்."

இப்படியே எங்களுக்குச் சண்டை வந்துவிட்டது, அண்ணை. இந்த நாட்டுக் காட்டுக்குள் நின்று, பாலையா வீரையா என்று இரண்டு பேரும் குரலை உயர்த்திச் சண்டை பிடித்தோம். அவர் மற்றவர்களின் பாத்திர மூடியால் மண்ணைக் கிண்டினதைச் சொன்னார். வேர் தடுத்ததைச் சொன்னார். அன்றைக்கு மடுக் காட்டை விட்டு வெளியே வந்தபோது அவர் உடம்பில் சேட் இருக்கவில்லை. முள்ளில் கிழிந்து எறிந்துவிட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அதிலைதான் அவனைச் சுத்தினனான்" என்றார். "வெறும் மண்ணிலை வைக்க மனம் வரேல்லை."

நான் அவனுடைய இருமலைச் சொன்னேன். என் கையைச் சொன்னேன். இவர் என் கையை விரித்து, உள்ளங்கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு அழ வேண்டியது எல்லாவற்றையும் அழுதோம். மான் ஒன்றும் வரவில்லை. நாங்கள் போட்ட சத்தத்துக்கு எப்படி வரும்?

திரும்பி வரும்போது ரெயினில் இவர் சொன்னார், "அவன்ரை முகம் எனக்கு இப்ப சரியா வருகுதில்லை. படம் ஒண்டும் கொண்டுவரேலாமல் போச்சு." நான், "எனக்கு வரும், அண்ணையைப் பாத்தா வரும்" என்றேன்.

இதுதான் நான் பிறகு எழுதுகிறேன் என்ற காரணம். எயார்போட்டில் நீங்கள் கை காட்டிக்கொண்டு வந்தபோது நான் அப்படி அழுததற்கு, கண்டு கனகாலம் என்பதால் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் முகம்தான் அவனுக்கு. அதே நெற்றி, அதே மேலுதடு. சிரிக்கும்போது இடது கண் சுருங்குவதும் அப்படித்தான். நீங்கள் என்னை, "சாப்பிடன், பிள்ளை" என்று சொல்லும்போதெல்லாம், அவன் வளர்ந்து, நரைத்து, முன்னால் இருந்து சாப்பிடச் சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு கிழமைக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வீடு மாறினோம். போனிலும் உங்கள் குரலைக் கேட்க முடியவில்லை. உங்களை வெறுத்துப் போனேன் என்று நீங்கள் நினைத்திருந்தால், அப்படி இல்லை.

ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் கோயிலில் முதல்நன்மை வாங்கின அன்று அம்மா ஒரு படம் எடுப்பித்தவா. எட்டு, ஒன்பது வயது இருக்கும். அது உங்களிடம் இருந்தால் அனுப்புவீர்களா? இவருக்குக் காட்ட வேண்டும்.

படத்தை மட்டும் அனுப்புங்கள், அண்ணை. நீங்கள் வருவதற்கு எனக்கு இன்னும் தைரியம் இல்லை. எப்போது வரும் என்று சொல்லவும் தெரியவில்லை.

உங்கள் தங்கை,
டொலறஸ்

*

வால்தம்ஸ்டோ,
7 நவம்பர் 1993

அன்புள்ள டொலறஸுக்கும் மச்சான் கிறிஸ்துராஜாவுக்கும்,

படம் இருந்தது. பெட்டியின் அடியில், அம்மாவின் செபப் புத்தகத்துக்குள். தீப்பெட்டி அளவுதான். ஒரு மூலை உடைந்திருக்கிறது. மெழுகுதிரியும் வெள்ளைச் சேட்டுமாக, படம் எடுக்கிறவர் மேல் கோபத்தோடு நிற்கிறேன்.

மெழுகுதிரியும் சேட்டும் என்னுடைய கதை. அதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் திரும்பப் படமெடுத்துப் பெரிதாக்கினேன். நேற்று மத்தியானம் படிக்கட்டுக்குக் கீழே உள்ள இருட்டறையில் இருந்து செய்தேன். தாளை மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, வழக்கம்போலத் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் மயிர் வந்தது, பிறகு கண்கள், பிறகு வாய். நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை. நான் ஊரை விட்டு வந்த பிறகு பிறந்த பிள்ளை. தூக்கினதில்லை, ஒரு இனிப்பு வாங்கிக் கொடுத்ததில்லை. என் மருமகனை நேற்றுத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

தாள் கறுத்துப்போகும் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதனால் இரண்டாவது பிரதிதான் உங்களுக்கு அனுப்புகிறேன். இதில் முகம் தெளிவாக இருக்கிறது.

நான் வரமாட்டேன். நீ கூப்பிடும் வரைக்கும் வரமாட்டேன். கூப்பிடாவிட்டாலும் உன்னில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. போனும் அடிக்க மாட்டேன், கனகவல்லிக்கு இனிப் பொய் சொல்கிற வேலை மிச்சம். கடிதம் மட்டும் போடுவேன். கடிதத்தில் குரலும் இல்லை, முகமும் இல்லை.

படத்தை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மங்கிப்போகாது.

எமிலின் மாமா,
யாக்கோப்பு